நெல்லுக்குருவிக்கு எழுதிய பெயர்

போன மாதம் என் அண்ணன் மகள் புதுக்கோட்டையில் புது வீடு கட்டிக் குடிபோனாள். பால் காய்ச்சின அன்று என்னால் போக முடியவில்லை, ஆபீஸில் ஆடிட். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்பும் பூவும் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சமையலறையில் பாத்திரமே கண்ணில் படவில்லை, எல்லாம் கதவுக்குள்ளே. கடைசியாக மாடி பால்கனிக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக் கம்பிக் கூண்டு ஒன்று தொங்கியது. உள்ளே கட்டைவிரல் பருமனில் நாலைந்து குருவிகள். ஆரஞ்சு மூக்கு, கன்னத்தில் செந்தூரம் அப்பின மாதிரி ஒரு வட்டம்.

"பிஞ்சஸ் அத்தை. ஜோடியாத்தான் வாங்குனோம், இப்பக் குட்டி போட்டுருச்சு" என்றாள்.

குருவி குட்டி போடாது, குஞ்சு பொரிக்கும் என்று திருத்துகிற வயது எனக்கு வந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. கூண்டின் அடித்தட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. தினை உமியும் சிந்தின தண்ணீரும் எச்சமும் கலந்து லேசாகப் புளித்த வாடை. காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். மாத்திரை போடணும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வாடையை உங்களுக்கு விளக்கவேண்டுமானால் நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்துக்குப் போகவேண்டும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம். டிகிரி முடித்து, தமிழ், இங்கிலீஷ் ரெண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்ச நஞ்சமில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுகூட விரல்கள் தானாக அடித்துக்கொண்டிருக்கும். மாவட்டத்தின் தெற்கே ஒரு சின்ன வனத்துறை ஆபீஸில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அறந்தாங்கியில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். எந்த ஊர் என்று சொல்லாமல் விடுகிறேன், அந்த ஆபீஸ்காரர்கள் யாரும் கெட்டவர்களில்லை.

தைலமரக் காட்டின் ஓரத்தில் ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் ஊரே மண்வாசனையில் இருக்க, நாங்கள் மட்டும் சளிக்குத் தடவுகிற மருந்துக்குள் உட்கார்ந்திருப்போம். சுவரோரத்தில் பிடிபட்ட சைக்கிள்கள், அரிவாள்கள், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன்மேல் ஒரு பூத்துவாலை. காலையில் துவாலையை எடுத்து மடித்து வைப்பதில்தான் என் உத்தியோகம் ஆரம்பமாகும். பெரும்பாலும் மயில் செத்த கேஸ், விறகு வெட்டின கேஸ். ஆங்கிலத்தில் இரண்டு வரி நன்றாக அடித்துவிட்டால் கலெக்டரே என்னைக் கூப்பிட்டனுப்புவார் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அப்படி ஒரு மத்தியானத்தில் வேலாயுதத்தைக் கூட்டிவந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகச் சொன்னார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும். ஒல்லி. கையில் மூங்கில் கூடை, மேலே ஈரச் சாக்கு. சாக்கை விலக்கியதும் நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினேன். பச்சை, சிவப்பு, மஞ்சளென்று கூடை முழுக்கச் சின்னக் குருவிகள் படபடத்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் பார்த்ததில்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். ரேஞ்சர் சார் ஒன்றைப் பிடித்து, விரலை எச்சில் தொட்டு அதன் முதுகில் தேய்த்தார். விரலில் பச்சை ஒட்டியது. கோரைப்பாய்க்குப் போடுகிற சாயம் என்றார்.

அவன் எதையும் மறைக்கவில்லை. மணமேல்குடி போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கண்மாய்க்கரை ஊர். மானாவாரி நிலம் கொஞ்சம். மழை ஏமாற்றிக்கொண்டே வந்த வருஷங்கள் அவை. வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி சாயப்பொடியையும் வலையையும் கொடுத்து, வயலில் மேய்கிற நெல்லுக்குருவியைப் பிடித்துச் சாயத்தில் முக்கிக் காயவைத்துக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறான். சாயம் போட்டுவிட்டால் அதன் பேர் நெல்லுக்குருவி இல்லை, பிஞ்சு, வெளிநாட்டுக் குருவி, அதை வைத்திருந்தால் சட்டத்தில் குற்றமே இல்லை என்றும் சொல்லியிருக்கிறான். வேலாயுதம் அதை நம்பியிருந்தான். பிடித்த இடத்தில் வியாபாரி கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டான். கூடை மட்டும் இவன் கையில்.

இன்னொரு விஷயம் அன்றைக்கே தெரிந்தது. அவனுக்குக் கத்தாரில் கட்டட வேலைக்கு விசா வந்திருந்தது. மெடிக்கல் எல்லாம் முடிந்து, டிக்கெட்டுக்குக் காத்திருந்தான். அறந்தாங்கிப் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடாவில் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும், பெண் கரையேறும், ஓலை மாறி மெத்தைவீடு ஆகும். போகிறவரைக்கும் வீட்டை ஓட்டத்தான் குருவி பிடிக்க இறங்கியிருக்கிறான்.

அன்று சாயங்காலமே கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஜாமீன் கிடைத்தது. ஆனால் தினமும் காலையில் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடணும், பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கணும் என்று உத்தரவு. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, இது என்ன பறவை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கூண்டில் பிறந்து வளர்கிற வெளிநாட்டுப் பறவை என்று எழுதினால் கேஸே இல்லை, பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். நம் காட்டிலும் வயலிலும் திரிகிற பறவை என்று எழுதினால் கேஸ் நடக்கும். அது முடியாமல் விமானம் ஏற முடியாது.

ஆக, ஒரு குருவிக்கு என்ன பேர் என்பதில் அந்தக் குடும்பம் மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவனோடு அவன் பெண்டாட்டியும் வந்தாள். தனம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும், ஆனாலும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நைலான் பையில் தினை கொண்டுவந்திருந்தாள். குருவிகளை ஆபீஸில் கிடந்த ஒரு கம்பிக் கூண்டுக்கு மாற்றியிருந்தார்கள், என்ன போடுவதென்று யாருக்கும் தெரியாமல் ராத்திரி யாரோ சோற்றைப் போட்டிருந்தார்கள். அவள் வராந்தாவில் உட்கார்ந்து கூண்டைச் சுத்தம் பண்ணி, சோற்றைத் துடைத்தெடுத்துத் தினையைத் தூவினாள். அதன்பிறகு தினமும் அவனோடு வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் ஒரு ஓரத்தில் நிற்பான். இவள் வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் யார் யாரிடம் சண்டை போட்டார்கள், மகள் பள்ளிக்கூடத்தில் என்ன ஒப்பித்தாள், இந்த மனுசனுக்கு வலை விரிக்கத் தெரிந்த அளவுக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று. சிரிக்கவும் சிரிப்பாள். ஆனால் ரேஞ்சர் சார் வந்தால் மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். முதலில் மரியாதைக்கு என்று நினைத்தேன். தினை வாங்கும்போதுதான் பார்த்தேன், அவள் நகக்கண்ணிலெல்லாம் பச்சைச் சாயம். அவளும் சேர்ந்துதான் முக்கியிருக்கிறாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். தினைப் பையை வாங்கி என் மேஜைக்கடியில் வைத்தேன்.

டாக்டர் வருவதற்குள் ஒரு வாரம் போனது. வந்தது இளவயதுப் பெண் டாக்டர். புதுச் செருப்பு, கண்ணாடி, பொறுமையான முகம். கூண்டிலிருந்து ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற பதத்தில் அதன் இறக்கையைத் துடைத்தார். பச்சை கரைந்து பழுப்பு வந்தது. தலையில் கருப்பு. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சில்லை என்றார். நெல்வயலில், புல்காட்டில் கூட்டமாக மேய்கிற நம்மூர்ச் சில்லை.

வேலாயுதம் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன், பிஞ்சு என்றுதானேங்க அந்த ஆள் சொன்னார் என்று மெதுவாகக் கேட்டான். டாக்டரம்மா எரிந்து விழவில்லை, உட்கார்ந்து சொன்னார். இங்கிலீஷ்காரர்கள் ஊரில் ஒரு குருவி இருக்கிறதாம். அது 'பிங்க், பிங்க்' என்று கத்துமாம். அந்தச் சத்தமே அதற்குப் பேராகி, வாயில் உருண்டு உருண்டு பின்ச் ஆகிவிட்டதாம். பிற்பாடு அவர்கள் கப்பலேறிப் போன ஊரிலெல்லாம், தடித்த மூக்கோடு சின்னதாய் விதை கொத்துகிற எதைக் கண்டாலும் பின்ச் என்று கூப்பிட்டுவிட்டார்களாம். கடையில் கூண்டில் விற்கிற பின்ச்கூட உண்மையில் அந்த ஊர்ப் பின்ச் கிடையாது என்றார்.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. குருவி தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறது. அப்படியானால் நம்முடையது சில்லுச் சில்லென்று கத்துவதால் சில்லையா, ஓட்டுச்சில்லு மாதிரித் துளியாக இருப்பதால் சில்லையா என்று கேட்டேன். அது எனக்குத் தெரியாதே என்று சிரித்தார். எனக்கும் இன்றுவரை தெரியாது. அந்த நேரத்தில் போய் இதைக் கேட்டேனே என்று நினைத்தால் இப்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. வேலாயுதத்தின் மூளை சரியான இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப கடையில விக்கிற பின்ச்சுக்கும் இதுக்கும் ஒறவு எதும் இருக்குங்களாம்மா?"

"ஒறவுதான். பங்காளின்னே சொல்லலாம். ஆனா அது கூண்டுல பொறந்தது, இது வயல்ல பொறந்தது. சட்டம் அதத்தான் பாக்கும்."

அப்போதுதான் தனம் முன்னால் வந்தாள். கையை மறைக்க மறந்துவிட்டாள். கூண்டைக் காட்டினாள்.

"பிஞ்சுன்னே எழுதிருங்கம்மா. பாருங்க, எம்புட்டுக்காண்டி இருக்கு. பிஞ்சுதானே இது? பிஞ்சுன்னா பொய்யில்லையே."

யாரும் சிரிக்கவில்லை. அவள் அந்த வார்த்தையைத் தமிழாகவே கேட்டிருக்கிறாள். கத்திரிப்பிஞ்சு, மாம்பிஞ்சு மாதிரி, முற்றாத ஒன்றுக்கு இட்ட பேர் என்று.  டாக்டரம்மா, தான் மாற்றி எழுதினால் இன்னொரு டாக்டர் வந்து அதைப் பொய் என்று எழுதுவார், அப்போது உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் மோசமாகும் என்று சொன்னார். சட்டென்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தது நான்தான். எனக்கு அந்த வார்த்தையே புதிது, வேகத்தில் சில்லை என்பதைச் சில்லறை என்று அடித்துவைத்தேன். ரேஞ்சர் சார் பேனாவால் வட்டம் போட்டு, நாம என்ன சில்லறை திருடின கேஸா போட்டிருக்கோம் என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் ஆபீஸே சிரித்திருக்கும். நான் திருத்தி அடிப்பதைத் தனம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பான எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் மறைந்து புது எழுத்துகள் வந்தன. பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"இந்த மிசின்ல அடிச்சத அழிக்க முடியுமாம்மா?"

முடியும் என்றேன். அச்சில் வந்து கையெழுத்தாகி முத்திரை விழுந்தபின் கம்ப்யூட்டரில் அழிப்பதால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு விளக்கிச் சொன்னபோது, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். போய்க் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

அந்தத் தண்ணீர் இருக்கிறதே. குருவிகளுக்குக் குளிக்காமல் இருக்க முடியாது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்த உடனே ஒவ்வொன்றாக இறங்கி இறக்கையை அடித்துக்கொள்ளும். தண்ணீர் பச்சையாகும், சிவப்பாகும், கடைசியில் சேறு நிறமாகும். பிறகு அதையே குடிக்கும். உடம்பை மூக்கால் கோதிக் கோதிச் சாயத்தை விழுங்கும். தனம் வரும்போதெல்லாம் தண்ணீர் மாற்றினாள். நானும் மாற்றினேன். இருந்தும் காலையில் துவாலையை எடுப்பதற்கு முன்னால் கூண்டைப் பார்த்தால் ஏதாவது ஒன்று காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். வயலிலிருந்து வந்தவைக்குக் கூண்டுக் கம்பி என்றால் என்னவென்று தெரியாது, மோதி மோதி மூக்கின் மேலெல்லாம் ரத்தக்காயம். செத்த ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கடிதம் அடிக்கவேண்டும். சில்லை, இறந்தது. சில்லை, இறந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் தப்பாக அடித்ததே இல்லை.

மிச்சமிருப்பதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று கோர்ட் உத்தரவு வர வெகுநாள் ஆகிவிட்டது. அன்று ஜீப்பில் என்னையும் கூட்டிப்போனார்கள், பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று. வேலாயுதம் பின்னால் கூண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கண்மாய்க்கரைக்குக் கீழே அறுவடை முடிந்த வயல். தாளும் உதிரி நெல்லும் கிடந்தன. தூரத்தில் அவற்றின் இனமே ஒரு கூட்டம், பழுப்பும் கருப்புமாக, எழும்பியும் உட்கார்ந்தும் மேய்ந்துகொண்டிருந்தது. கூண்டைத் திறந்ததும் இவை உடனே பறக்கவில்லை. வரப்பில் இறங்கித் தத்தின. இறக்கையில் தெம்பில்லை. காய்ந்த புல்லுக்கு நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருந்தன. அவன் கையைத் தட்டி அங்கிட்டு விரட்டிப் பார்த்தான். அந்த வேளையில்தான் கருவேலமரத்திலிருந்து ஒரு வல்லூறு இறங்கியது. சிவப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதே மரத்துக்குப் போனது. சத்தம்கூட வரவில்லை. மற்றவை எழும்பின, தாழப் பறந்து கூட்டத்துப் பக்கம் போயின. வல்லூறு திரும்பவும் இறங்கியது.

வேலாயுதம் பார்த்துக்கொண்டே நின்றான். ரேஞ்சர் சார் அவன் தோளைத் தொட்டு ஜீப்புக்குக் கூப்பிட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "ரெண்டு மழையில சாயம் போயிரும்னாரும்மா அந்த ஆளு" என்றான்.

விசாவின் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. அவன் வேலைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டதாகத் தகவல் வந்தது. கேஸ் வாய்தா வாய்தாவாக ஓடியது. எனக்கு அடுத்த வருஷம் பரீட்சை பாஸாகி வருவாய்த்துறையில் வேலை கிடைத்து, நான் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன். ஆனால் தனம் என்னை விடவில்லை. என்னிடம் மொபைல் வந்தபின் மாதத்துக்கு ஒருதரமாவது யார் போனிலிருந்தாவது கூப்பிடுவாள். மகள் நன்றாகப் படிக்கிறது என்பாள். வாய்தாவுக்குப் போன அன்றைக்குக் கூலி போச்சு என்பாள். அவர் முன்னைப்போல் இல்லை, வீட்டுக்குள்ளேயே மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பாள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்ப்பாள், நடுவில் சிரிப்பு நின்றுபோகும்.

ஒருநாள் கூப்பிட்டு, குவைத்துக்குப் போகிறேன் என்றாள். வீட்டு வேலை. அவன் போகவேண்டிய இடத்துக்கு இவள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், தெரிந்த ஒன்றிரண்டு கதைகளைச் சொல்லி பயமுறுத்தியும் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற யாரு இருக்காங்கம்மா போறதுக்கு" என்றாள்.

அங்கிருந்தும் பேசுவாள். பெரிய வீடு, அந்த வீட்டுப் பிள்ளைகள் தன்னிடம்தான் தூங்கும் என்பாள். முதுகுவலி என்பாள். பணம் ஒழுங்காக வந்தது, மகள் பிளஸ் டூ முடித்தது, திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது. நாலைந்து வருஷம் கழித்து ஒருமுறை வந்து போனாள், பாதியாக இளைத்திருந்தாள். மறுபடி போனாள். அதற்கப்புறம் போன் குறைந்தது. ஒருநாள் காலை ஆபீஸ் வாசலில் வேலாயுதம் நின்றான். ஆளே தெரியவில்லை, தலை நரைத்துப்போயிருந்தது. கையிலிருந்த பையைத் திறக்காமல், தனம் போயிட்டாம்மா என்றான்.

நெஞ்சுவலி என்று அங்கிருந்து சொன்னார்களாம். உடம்பைக் கொண்டுவருவதற்கு அவன் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. அவள் பாஸ்போர்ட்டில் தனலெட்சுமி. ரேஷன் கார்டில் தனம். கல்யாணப் பதிவில் அவள் அப்பா வீட்டில் கூப்பிட்ட இன்னொரு பேர். மூன்றும் ஒரே பெண்தான் என்று ஒவ்வொரு மேஜையிலும் நிரூபிக்கவேண்டியிருந்தது. மனுக்களையெல்லாம் நான்தான் அடித்துக் கொடுத்தேன். விரல்களின் வேகத்தைப் பற்றிப் பெருமைப்பட்டேன் என்றேனே, அந்த நாட்களில் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித்தான் அடித்தேன். வேலாயுதம் எதிரில் உட்கார்ந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருப்பான். எந்தப் பேரை எழுதினால் சீக்கிரம் அனுப்புவாங்களோ அதையே எழுதுங்கம்மா என்று ஒருமுறை சொன்னான். வெகுநாள் கழித்துப் பெட்டியில் வந்தாள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஆம்புலன்ஸில் ஊருக்கு. முகத்தைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

குருவிக் கேஸ் அதற்கும் பிற்பாடுதான் முடிந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, ஒத்துக்கொண்டானாம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதை என்னிடம் எடுத்துக் காட்டினான். அதிலிருந்த போட்டோவில் அவனுக்கு மீசை கருகருவென்றிருந்தது. சட்டைக் காலரில் பொத்தான் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளியூர் போகப்போகிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

போன வருஷம் வாக்காளர் பட்டியல் வேலையில் அந்தப் பகுதி என் பொறுப்பில் வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கண்மாய்க்கரைக்குப் போனேன். வயல் இருந்த இடத்தில் வரிசையாக இறால் குட்டைகள். தண்ணீரைக் கலக்குகிற மோட்டார் இரைச்சல். பறவை இறங்காமலிருக்கக் குட்டைக்குக் குட்டை குறுக்கே நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். அறுத்த தாள் இல்லை, உதிரி நெல் இல்லை. கருவேலமரம் இருந்த இடம் எதுவென்று தெரியவில்லை. சில்லைக் கூட்டம் ஏதாவது எழும்புகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றே ஒன்றுகூட இல்லை. மீன்வாடையும் டீசல் வாடையும்தான்.

குட்டைக்குப் பக்கத்தில் பைக்கில் சாய்ந்து நின்ற ஒரு பையனிடம் வேலாயுதம் வீடு எது என்று கேட்டேன். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லையே என்றான். பெண்டாட்டி குவைத்தில் இறந்துபோனாரே, மகள் திருப்பூரில் என்று அடையாளம் சொன்னேன். யோசித்தான்.

"ஓ, பிஞ்சு மாமாவச் சொல்றீங்களா. அவரு போன மழையில எறந்துட்டாருங்க. தனியாத்தான் கெடந்தாரு, வெளிய தெரியவே கொஞ்சம் லேட்டாயிருச்சு."

வீட்டைக் காட்டினான். ஒரு பக்கச் சுவர் கரைந்து விழுந்திருந்தது. வாசலில் எருக்கஞ்செடி. ஏன் அவரைப் பிஞ்சு என்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியலைங்க. நான் பொறந்ததுலேர்ந்து அந்தப் பேருதான். பஸ்ஸுல வெள்ளரிப்பிஞ்சு வித்திருப்பாரு போல."

அப்படி இல்லை தம்பி என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று நான் நினைப்பதற்குள் ரோட்டில் இறால் லாரி வந்து ஹாரன் அடித்தது. இந்தா வாரேங்க என்று பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான். லாரியில் ஐஸ் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவனும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஊருக்குப் போகவேண்டும் என்று டிரைவர் கூப்பிட்டார், ஏறி உட்கார்ந்தேன்.